ஞாயிறு வரைக்கும் போதாது

ஜெயராமன் மேல் தப்பு சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. ஆயுத பூஜைக்கு மிஷின்களைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பது அம்பத்தூர் எஸ்டேட்டில் எல்லாக் கம்பெனியிலும் உள்ள வழக்கம்தான். பிரஸ் மிஷினுக்கு வைத்தார்கள், கம்ப்ரெசருக்கு வைத்தார்கள், கேன்டீன் கிரைண்டருக்குக்கூட வைத்தார்கள். சர்வர் ரூம் மட்டும் என்ன பாவம் செய்தது என்று எலக்ட்ரிகல் ஃபோர்மேன் ஜெயராமனுக்குத் தோன்றிவிட்டது. முப்பது வருஷ சர்வீஸ். மனுஷன் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். ஸ்டோரேஜ் பெட்டியில் வரிசையாகச் செருகியிருந்த பன்னிரண்டு டிஸ்க்குகளையும் ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார், மஞ்சள் துணியால் துடைத்தார், ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார், திரும்பச் செருகினார். எது எந்தப் பொந்தில் இருந்தது என்று பார்க்கவில்லை. பெட்டி சிவப்பு விளக்கு போட்டுக்கொண்டு கத்தியது. பக்கத்துத் திரையில் இங்கிலீஷில் ஏதோ கேள்வி வந்தது. பூஜை நேரத்தில் வாயால் ‘இல்லை’ என்று சொல்லக் கூடாதே என்று, ‘ஆமாம்’ என்பதை அழுத்தினார்.

அந்த ஆமாம், டிஸ்க்குகளில் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்ற ஆமாம். கம்பெனியின் டேட்டாபேஸ் மொத்தமும் போனது. புதன்கிழமை பகல் பதினொன்று நாற்பது.

ராஜகுமாரி அப்போது கள்ளிக்குப்பத்தில் தன் வீட்டில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். வண்டி பிரேக்குக்கு ரப்பர் பாகம் செய்யும் அந்தக் கம்பெனியில் ஒன்பது வருஷமாக கம்ப்யூட்டர் சமாச்சாரம் மொத்தத்துக்கும் அவள் ஒருத்திதான். போனில் ஜெயராமன், “யம்மா, பொட்டி கத்துதும்மா. நான் ஒண்ணும் பண்ல, பொட்டுதான் வச்சேன்” என்றார். பத்து நிமிஷத்தில் ஸ்கூட்டியில் வந்து நின்றாள். டிஸ்க்குகளைப் பார்த்தாள், குங்குமத்தைப் பார்த்தாள், ஜெயராமனைப் பார்த்தாள். கோபம் வந்தால் சத்தம் போடுகிறவள் இல்லை அவள், பேச்சு குறைந்துவிடும். அன்று ஒரு வார்த்தைகூட வரவில்லை. அதற்குப் பதில் அவள் நாலு திட்டு திட்டியிருந்தால் ஜெயராமன் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

மறுநாள் விஜயதசமி, விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை கம்பெனி கேட்டில் ஆக்னஸ் காத்திருந்தாள். கொரட்டூர்க்காரி, பிரஸ் செக்‌ஷனில் காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தவள். இருந்தவள் என்று ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், அதில்தான் கதை இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை செய்துவிட்டால் தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. அந்தச் சட்டத்தை எச்.ஆர். மேனேஜர் ஆனந்தனைப் போல மனப்பாடமாகத் தெரிந்தவர் எஸ்டேட்டில் கிடையாது. யாருக்கு நானூற்று எழுபத்தொன்பது ஆகிறதோ, அன்று மாலை அவர்களைக் கூப்பிட்டுச் சிரித்த முகத்தோடு சொல்வார்: “கொஞ்ச நாள் வீட்டுல ரெஸ்ட் எடுங்க, கூப்பிடறோம்.” அப்படிக் கூப்பிடாமல் விட்டவர்கள் முப்பத்தேழு பேர். அவர்கள் சேர்ந்து தொழிற்சாலை ஆய்வாளரிடம் மனு கொடுத்திருந்தார்கள். விசாரணை வருகிற திங்கட்கிழமை. வருகைப் பதிவோடு, அதைப் பராமரிப்பவரும் நேரில் வர வேண்டும் என்று ஆய்வாளர் நோட்டீஸ் அனுப்பியிருந்தார். கம்பெனியின் பதில் ஆனந்தனிடம் தயாராக இருந்தது: நானூற்று எழுபத்தொன்பது என்பது நானூற்று எண்பது அல்ல.

ஆனால் புதன்கிழமை ஒன்று நடந்திருந்தது. பூஜையைக் கவனிக்க நின்ற ஜெயராமன் போன்ற ஓரிருவரைத் தவிர, நிரந்தர ஆட்களுக்கு அன்று லீவு. மற்ற காண்ட்ராக்ட் ஆட்கள் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். சேர்மன் பூஜைக்கு வரும்போது மிஷின் எல்லாம் பளபள என்று இருக்க வேண்டும். ஆனந்தனும் பூந்தமல்லி ஃபிளாட்டைப் பூட்டிக்கொண்டு தென்காசிக்குப் போயிருந்தார். கழுவ ஆள் இல்லாமல் தவித்த மேஸ்திரி, வேறெங்கும் போக வழியில்லாமல் உள்ளூரிலேயே கிடந்த அந்த முப்பத்தேழு பேருக்கும் போன் போட்டுவிட்டான். திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்ற ஆசையில் முப்பத்தேழு பேரும் வந்தார்கள். கார்டு தேய்க்காமல் கேட் திறக்காது. அவர்கள் கார்டை முடக்கச் சொல்லி ராஜகுமாரிக்கு யாரும் எழுதித் தரவில்லை. தேய்த்தார்கள், திறந்தது.

“யக்கா,” என்றாள் ஆக்னஸ், “புதன்கெயம நாங்கோ கார்டு தேச்சது உள்ள கீதா? அதான்க்கா எனுக்கு நானூத்தி எம்பது. மிஷினு செத்துப்போச்சுன்றாங்களே.”

ராஜகுமாரி, “இரு, பாத்துட்டு சொல்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆனந்தன் நாற்காலி கொடுத்தார், காபி சொன்னார். அவர் காபி சொன்னாலே கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டார்.

மிஞ்சியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழையில் சர்வர் ரூமுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு ஆறு மாதம் எல்லோரிடமும் மல்லுக்கட்டி, ஓரங்கட்டிய பழைய ஸ்டோரேஜ் பெட்டி ஒன்றை நூம்பலில் இருக்கும் கம்பெனி கோடவுனில் கொண்டுபோய் வைத்திருந்தாள். டிஸ்க் ஒரு நொடியில் எப்படி இருக்கிறதோ அதை அப்படியே நிறுத்திப் பிடித்த நகலுக்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர். அந்த நகல்கள் கம்பிவழியாக நூம்பலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கம்பெனியில் அதை ‘ராஜகுமாரி பொட்டி’ என்று கிண்டல் செய்வார்கள்.

“முழு டிஸ்க்குக்கு வாரம் ஒரு தடவைதான் ஸ்னாப்ஷாட். ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினோரு மணியோடது முழுசா இருக்கு சார். டேட்டாபேஸை அதுலேர்ந்து எழுப்பிடலாம்.”

“ஞாயிறு வரைக்கும் வந்துடுமா? அருமைம்மா! அது போதும்.”

“அதுக்கப்புறமும் வரும் சார். டேட்டாபேஸ்ல ஒண்ணு மாறினா, அது முதல்ல லாக்ங்கிற குறிப்பேட்லதான் எழுதப்படும். அந்த லாக் இருக்கற டிஸ்க்கோட ஸ்னாப்ஷாட் மணிக்கொரு தடவை நூம்பலுக்குப் போகுது. ஞாயித்துக்கிழமை நகலை எழுப்பி, அதுமேல லாக்கை வரிசையா ஓட்டினா புதன்கிழமை பதினோரு மணி வரைக்கும் வந்துடும்.”

ஆனந்தன் காபியைக் கீழே வைத்தார். “வேணாம். பூஜை அன்னிக்கு என்ன வேலை நடந்துச்சு? ஞாயிறோட நிறுத்திக்கலாம்.”

“திங்கள், செவ்வாய் ரெண்டு நாள் புரொடக்‌ஷன் போயிடுமே சார்.”

“பேப்பரைப் பாத்து ஏத்திக்கலாம்.” மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஞாயிறு இரவுக்குப் பிந்தைய பதிவுகள் எதுவும் மீட்க இயலாதவை என்று டைப் அடித்திருந்தது. கீழே அவள் பெயரும் இருந்தது, பதவியும் இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஞாயிறு நகல் இருப்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது; அவளைக் கேட்பதற்கு முன்பே அடித்து வைத்த தாள்.

இரண்டு நாள் உற்பத்திக் கணக்கை ஒரு மனிதர் சிரித்துக்கொண்டே தூக்கிப் போடுகிறார் என்றால், முப்பத்தேழு பேரின் ஒரு நாள் அவரை எவ்வளவு பயமுறுத்துகிறது! ராஜகுமாரி தாளைத் திருப்பி மேஜைமேல் வைத்தாள்.

“இது பொய் சார். கையெழுத்து வராது.”

“உங்க ஆக்ஸஸை எல்லாம் நிறுத்த வேண்டியிருக்கும்.”

“நிறுத்துங்க. அதையும் என்கிட்டதான் சொல்லணும். இங்க வேற யாருக்கும் நிறுத்தத் தெரியாது” என்று எழுந்துகொண்டாள்.

ஸ்டோரில் சும்மா கிடந்த பயிற்சி சர்வர் ஒன்றுக்கு முறைப்படி கேட் பாஸ் போட்டாள். ஜெயராமன் கேட்காமலேயே வந்து அதைத் தூக்கி மெயின்டனன்ஸ் வேனில் வைத்தார். “பன்னெண்டு டிஸ்க்கையும் கயட்டினவன் நானு. இந்தப் பொட்டியத் தூக்காம ஊட்ல போயி சோறு துன்ன சொல்றியா?” என்றார். வானகரத்தில் அரை மணி நேரம் நின்று, வேலப்பன்சாவடி தாண்டி நூம்பல் போய்ச் சேர்வதற்குள் பகல் ஒன்றரை ஆகிவிட்டது. வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். அவளும் இரண்டு தடவை பதில் சொன்னாள். ஜெயராமனுக்குப் பாதி உயிர் திரும்பியது.

அவர்கள் உள்ளே போய்க் கால் மணி நேரம் ஆகியிருக்கும், கோடவுன் வாட்ச்மேன் முகமது இஸ்மாயிலுக்குப் போன் வந்தது. ஆனந்தன்தான். இஸ்மாயில் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே பேசினார். காது கொஞ்சம் மந்தம் என்பார். அதை நம்புகிறவர்கள் நம்பலாம்.

“அந்தம்மாவை உள்ள விடாதீங்க பாய்.”

“உள்ள போயிட்டாங்க சார். உள்ள விட வேண்டியவங்க லிஸ்ட்டுல மொத பேரே அவங்களுதுதான் கீது. லிஸ்ட்டுல கையெழுத்து உங்களுது.”

“நான் இப்ப வேணாம்னு சொல்றேன்.”

“புது லிஸ்ட்டு அனுப்புங்க சார், பயசக் கியிச்சிப் போட்டுட்றேன்.” போனை வைத்துவிட்டு ஜெயராமனைப் பார்த்துக் கண்ணடித்தார். புது லிஸ்ட் வரவில்லை. ஆய்வாளர் பதிவைக் கேட்டிருக்கும்போது அதைப் பராமரிப்பவள் பெயரை எடுத்துவிட்டு லிஸ்ட் போட்டால் நாளைக்கு யாருக்குப் பதில் சொல்வது என்று ஆனந்தனுக்கும் தெரியும்.

ராஜகுமாரி அவசரப்படவில்லை. மூல ஸ்னாப்ஷாட்டில் கை வைக்கக் கூடாது. அதுவும் கெட்டால் பிறகு கடவுளே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து, அந்த நகலைத்தான் பயிற்சி சர்வரில் மாட்டினாள். சாயங்காலம் நாலரைக்கு ஞாயிற்றுக்கிழமை டேட்டாபேஸ் கண் திறந்தது. ஆக்னஸ் பெயரைப் போட்டுப் பார்த்தாள். நானூற்று எழுபத்தொன்பது. ஆனந்தனுக்கு வேண்டிய எண் அச்சுப் பிசகாமல் வந்திருந்தது. இதோடு நிறுத்தியிருந்தால் அவளை அவர் மேடையேற்றிச் சால்வை போட்டிருப்பார்.

லாக்கை ஓட்டினாள். திங்கட்கிழமை விடிகாலை ஓடியது, எட்டு மணி ஓடியது, ஒன்பது மணிக்கு நின்றுவிட்டது. அடுத்த லாக் கோப்பு இல்லை என்றது.

லாக் டிஸ்க் சின்னது. பெரிய டிஸ்க் கேட்டபோது எதற்கு என்று கேட்டு மறுத்துவிட்டார்கள். ஆறு மணி நேரத்து லாக்தான் அதில் தங்கும். பிறகு பழையதை அழித்துப் புதியது ஏறும். அதனால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு ஸ்னாப்ஷாட்டாவது கையில் வேண்டும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணி ஸ்னாப்ஷாட் இருந்தது. அடுத்தது மாலை ஐந்து மணியுடையதுதான். அதில் பதினொரு மணிக்குப் பிந்தைய லாக்தான் இருந்தது. நடுவில் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, இரண்டே இரண்டு மணி நேரம், இல்லை. அது இல்லாமல் அதற்குப் பிறகு இருக்கிற எதையும் ஓட்ட முடியாது. செவ்வாய் முழுக்க இருக்கிறது, புதன்கிழமை முழுக்க இருக்கிறது, தொட முடியாது. 

அன்று வீட்டுக்குப் போனாள், சமைத்தாள், படுத்தாள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மறுபடியும் அதே ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள்.

“திங்கக்கிழமை இங்க கரண்ட் இல்லையா பாய்?”

“பத்து மணிக்குப் போச்சு மேடம். சாய்ங்காலம்தான் வந்துது. மெயின்டனன்ஸ்ன்னு சொன்னானுங்க.”

“அப்ப பொட்டி ஃபுல்லா ஆஃப்தான்.” அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது.

“ஃபுல்லா எங்க ஆஃபு? லோடு வண்டி வந்துதுன்னு பத்தே முக்காலுக்கு ஜெனரேட்டர் போட்டேனே. பதினொண்ணரை வரைக்கும் ஓடுச்சு. இதோ நோட்டுல டீசல் கணக்கு எயுதிக்கிறேன்.”

ராஜகுமாரி ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டாள். பத்தே முக்காலிலிருந்து பதினொன்றரை வரை பெட்டி உயிரோடு இருந்திருக்கிறது. அப்படியென்றால் பதினொரு மணி ஸ்னாப்ஷாட் வந்திருக்க வேண்டும். வந்தது எங்கே போனது? திரையில் பட்டியலை மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே போனாள். நூற்றுக்கணக்கான வரி. பட்டியலின் அடியில், எல்லாவற்றுக்கும் கீழே, ஒன்று தனியாகக் கிடந்தது. தேதி: 2010, ஜனவரி ஒன்று.

பழைய பெட்டிக்குள் கடிகாரத்தை ஓட்டும் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. கரண்ட் போய் வந்ததும் தான் பிறந்த வருஷத்துக்கே போய்விட்டோம் என்று நினைத்துக்கொண்டு, திங்கட்கிழமை வந்த ஸ்னாப்ஷாட்டுக்குப் பதினைந்து வருஷம் பழைய தேதியைப் போட்டு ஓரத்தில் வைத்துவிட்டது. கம்பெனி சர்வரைக் கேட்டு நேரத்தைத் திருத்திக்கொள்ள அதற்கு அரை மணி நேரம் ஆகும்; அதற்குள் பதினொரு மணி நகல் வந்துவிட்டது. மாட்டிப் பார்த்தாள். விடிகாலை ஐந்திலிருந்து பதினொன்று வரைக்குமான லாக், கோப்புக்குப் பின் கோப்பாக அடுக்கி இருந்தது.

“பாய்!” என்று அவள் போட்ட சத்தத்தில் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த ஜெயராமன் கிளாஸோடு ஓடி வந்தார்.

மறுபடி ஓட்டினாள். திங்கட்கிழமை ஒன்பது மணியைத் தாண்டியது. மத்தியானம் தாண்டியது. செவ்வாய் ஓடியது. புதன்கிழமை காலை பத்து ஐம்பத்தொன்பதில் வந்து, இனி லாக் இல்லை, எல்லாம் சரி என்று சொல்லி நின்றது. ஆக்னஸ் பெயரைப் போட்டாள். நானூற்று எண்பது. உள்ளே வந்த நேரம் காலை ஏழு நாற்பத்தாறு. முப்பத்தேழு பெயரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். முப்பத்தேழும் நானூற்று எண்பது.

“இன்னாம்மா ஆச்சு?” என்றார் ஜெயராமன்.

“எல்லாம் வந்துடுச்சுண்ணா. நீங்க பொட்டு வைக்கப் போன நேரம் மட்டும்தான் வரல.”

ஜெயராமன் பக்கத்தில் கிடந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார்.

திங்கட்கிழமை காலை ஆய்வாளர் அலுவலக வராந்தாவில் முப்பத்தேழு பேரும் சுவரோரமாக நின்றார்கள். வாசலிலேயே ஆனந்தன் ராஜகுமாரியிடம் ஒரு கவரைக் கொடுத்தார். மேலதிகாரியின் உத்தரவை மீறியதற்காக இன்று முதல் பணியிடை நீக்கம். நின்ற இடத்திலேயே படித்தாள், மடித்துப் பைக்குள் போட்டாள், அவரைத் தாண்டி உள்ளே போனாள். ஒன்பது வருஷம் கட்டிக் காத்த இடம் ஒரு கவரில் முடிந்தது வலிக்கத்தான் செய்தது. வலித்தால் என்ன, நடக்க முடியாதா?

ஆய்வாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. ஆனந்தன் முந்திக்கொண்டு எழுந்தார். “மேடம், எதிர்பாராத விபத்தால ஸ்டோரேஜ் போயிடுச்சு. ஞாயிறு வரைக்கும்தான் பதிவு இருக்கு. அதன்படி எல்லாருமே நானூத்தி எழுபத்தொம்பது.”

“பதிவைப் பராமரிக்கிறவங்க யாரு?”

“நான்தான் மேடம்.” ராஜகுமாரி எழுந்தாள். “புதன்கிழமை பதினோரு மணி வரைக்கும் மீட்டாச்சு. எந்த ஸ்னாப்ஷாட்டுல இருந்து எந்த லாக் எடுத்தேன்னு வரிசையா எழுதியிருக்கேன். யார் வேணும்னாலும் வந்து மறுபடி ஓட்டிப் பாக்கலாம்.”

“இவங்க சஸ்பென்ஷன்ல இருக்காங்க மேடம். கம்பெனி சார்பா பேச முடியாது.”

“கம்பெனிக்காகப் பேச வரல மேடம். பதிவு என்ன சொல்லுதுன்னு சொல்ல வந்திருக்கேன்.”

ஆய்வாளர் ஆனந்தனைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “எப்போ சஸ்பெண்ட் பண்ணீங்க?”

“இன்னைக்குக் காலைல.”

“நோட்டீஸ் போன மாசமே வந்தது இல்ல?” என்று கேட்டுவிட்டு, தாள்களை வாங்கி மெதுவாகப் புரட்டினார். ஆனந்தன் குரலை மாற்றினார். இப்போது அதில் தேன் வழிந்தது.

“மேடம், அன்னிக்கு வந்தாங்க, நான் இல்லைன்னு சொல்லல. கார்டு தேய்ச்சதும் உண்மைதான். ஆனா வேலைக்கு வரல. ஆயுத பூஜை, நம்ம பண்பாடு. பழைய ஆளுங்களாச்சேன்னு சாமி கும்பிடக் கூப்பிட்டோம். கும்பிட்டாங்க, பொரி வாங்கினாங்க, போனாங்க. அது வேலை நாள் ஆகுமா?”

கேட்டுக்குள் வந்ததைத்தான் டேட்டாபேஸ் சொல்லும். உள்ளே வந்து என்ன செய்தார்கள் என்பது எந்த லாக்கிலும் கிடையாது. இத்தனை பாடுபட்டும் ராஜகுமாரி கையில் இருந்தது அவ்வளவுதான்.

ஆக்னஸ் யாரையும் கேட்காமல் வராந்தாவிலிருந்து மேஜைக்கு முன்னால் வந்தாள்.

“இன்னா சார் சொன்னீங்க? சாமி கும்பிட வந்தேனா? என் பேரு ஆக்னஸ். எங்கம்மா பேரு மேரி. கொரட்டூர் சர்ச்சுல போயி என்னியப் பத்தி கேளுங்க. உங்க பூசைக்கு நான் இன்னாத்துக்கு சார் காலையில ஏயே முக்காலுக்கு வந்து நிக்கப் போறேன்? கயுவ வந்தேன். ஏயாம் நம்பரு பிரஸ்ஸ நானும் குப்பம்மாவும் மண்ணெண்ண போட்டுத் தேச்சோம். சாமி கும்பிட்டது உங்க சேர்மன். அவுரு கும்பிடுறப்ப எங்கள கேட்டுக்கு வெளிய அனுப்பிட்டான் மேஸ்திரி. நீங்கோ அன்னிக்கு ஊர்லயே இல்ல, உங்களுக்கு இன்னா தெரியும்?”

அவள் இரண்டு கைகளையும் விரித்து ஆய்வாளர் முன்னால் நீட்டினாள். மண்ணெண்ணெய் பட்டு விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து, ஐந்து நாளாகியும் ஆறாமல் இருந்தது.

ஆனந்தன் வாயைத் திறந்தார். ஆய்வாளர் கையைக் காட்டினார். “நீங்க உட்காருங்க.” பேனாவை எடுத்து ஆக்னஸ் பெயருக்கு நேராக நானூற்று எண்பது என்று எண்ணாலும் எழுதி, எழுத்தாலும் எழுதினார். பிறகு ராஜகுமாரியைப் பார்த்து, “மிச்சம் முப்பத்தாறு பேரையும் நேரத்தோட படிங்கம்மா” என்றார்.

ராஜகுமாரி தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “குப்பம்மா, காலை ஏழு நாற்பத்தெட்டு” என்று படித்தாள். அந்தச் சின்ன அறைக்கு அவ்வளவு சத்தம் தேவையே இல்லை. வராந்தாவில் நிற்கிறவர்களுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அப்படிப் படித்தாள்.